சொத்து வரியும் கைம்பெண்ணின் காசும்

கல்வி ஏழையைக் கைதூக்கிவிடும் என்று நாம் மேடைதோறும் கூறி வருகிறோம். ஆனால், ஒரு குழந்தைக்கு எத்தகைய கல்வி கிடைக்கும் என்பதை அது பிறந்த தெருவே முடிவு செய்துவிடுமானால், நம் கூற்றுக்குப் பொருள் என்ன? அமெரிக்க எழுத்தாளர் ஜொனத்தன் கோசோல் 1991இல் வெளியிட்ட 'சாவேஜ் இனிக்வாலிட்டீஸ்' என்னும் நூல் இவ்வினாவையே எழுப்புகிறது. 'கொடிய ஏற்றத்தாழ்வுகள்' என்பது தலைப்பின் பொருள்.

ஈஸ்ட் செயின்ட் லூயிஸ், சிகாகோ, நியூயார்க், கேம்டன், சான் அந்தோனியோ முதலிய நகரங்களின் பள்ளிகளுக்கு ஆசிரியர் நேரில் சென்றார். கறுப்பின, மெக்சிக்க வழிவந்த ஏழைக் குழந்தைகள் பயிலும் பள்ளிகளின் சீரழிவையும், செல்வர் வாழும் பகுதிப் பள்ளிகளின் நிறைவையும் அருகருகே வைத்துக் காட்டுகிறார். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு முரணானது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் இந்நிலை நீடிப்பதற்கு அவர் சுட்டும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று, பள்ளிகள் பெரிதும் உள்ளூர்ச் சொத்து வரியைச் சார்ந்திருப்பதாகும்.

சான் அந்தோனியோ வழக்கு இதற்குச் சான்று. 1967-68ஆம் கல்வியாண்டில், ஏழைகள் வாழும் எட்ஜ்வுட் வட்டாரம் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி விதித்தது. மாநிலம் குறித்த அடிப்படைப் பங்குக்கு மேல், மாணவர் ஒருவருக்கு அதனால் திரட்ட முடிந்தது 26 டாலர். வளமிக்க அலமோ ஹைட்ஸ் 0.85 டாலர் மட்டுமே விதித்து 333 டாலர் திரட்டியது. காணிக்கைப் பெட்டியில் இரு காசுகளை இட்ட கைம்பெண் இங்கு நம் நினைவுக்கு வருகிறார். ஆயினும் 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் எட்ஜ்வுட் பெற்றோரின் முறையீட்டை ஏற்க மறுத்தது.

நூலில் குறையும் உண்டு. மிக வளமான பள்ளிகளையும் மிக வறிய பள்ளிகளையும் ஒப்பிடுவதால், இடைப்பட்டவற்றின் நிலை தெளிவாகவில்லை. வாதம் பெரும்பாலும் பள்ளிக்குச் செல்லும் பணத்தையே சுற்றி வருகிறது. அடுப்பெரியாத வீட்டுக் குழந்தைக்கு நல்ல வகுப்பறை மட்டும் போதாது. 2021இல் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கான வரிச் சலுகையை விரிவாக்கியபோது, துணை வறுமை அளவின்படி குழந்தை வறுமை 5.2 விழுக்காடாகக் குறைந்தது. அச்சலுகையும் பிற நிவாரணங்களும் முடிவுற்ற பின், 2022இல் அது 12.4 விழுக்காடாக உயர்ந்தது.

எனினும் நூலின் அடிப்படைச் செய்தியை இவ்வெண்களும் உறுதிப்படுத்துகின்றன. குழந்தைகளின் வறுமை மனிதர் வகுத்த ஏற்பாடுகளின் விளைவு. அவற்றை மனிதரே மாற்றவும் கூடும். செல்வன் இலாசரை அடித்ததாக நற்செய்தி கூறவில்லை. வாயிலில் கிடந்தவனை அவன் பொருட்படுத்தவே இல்லை. நம் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி தேடி அலையும் நாம், அடுத்த தெருக் குழந்தைக்கு எஞ்சுவது என்ன என்று என்றேனும் கேட்டதுண்டா?