விலக்கப்பட்டவள்மேல் விழுந்த பழி

ஓரியூர் அருளானந்தரின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் கடலாயியிடம் வந்து நின்றுவிடுகிறேன். மறவர் நாட்டுத் தடியத்தேவர் நோய் தீர்ந்து கிறிஸ்தவராக விரும்பினார். திருமுழுக்குப் பெற ஒரு மனைவிதான் இருக்கலாம், மற்றவர்களை விலக்கினார். அவர்களில் இளையவளான கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவரிடம் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. மகளைக்கொண்டு யோவானின் தலையைக் கேட்கவைத்த ஏரோதியாளின் சாயலில் அவளை எழுதிவைத்தார்கள்.

தடியத்தேவரோ சேதுபதியின் அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர். அப்படிப்பட்டவர் பின்னால் ஒரு புதுச் சமயமும் திரண்டால் எந்த அரசன் பொறுப்பான்? கொலைக்கு அந்தப் பகையே போதும். ஆனாலும் கதையில் முன்னால் நிற்பது ஒரு மனைவியின் ஆத்திரம்.

இங்கிலாந்தின் கென்ட் நாட்டுக்கு 597இல் அகஸ்தீன் போனபோது, அரசன் ஈதல்பர்ட்டின் மனைவி பெர்த்தா ஏற்கெனவே கிறிஸ்தவர். அகஸ்தீனுக்குத் துணைநின்றதைப் பாராட்டிப் போப் கிரகோரி அவருக்குக் கடிதமே எழுதினார். கணவனைத் திருச்சபைப் பக்கம் திருப்புகிறவள் புகழ்பெறுகிறாள். திருச்சபை கணவனைத் தன்னிடமிருந்து பிரித்ததைக் கேள்வி கேட்டவள் கொலைகாரியாகிறாள். இரண்டு கதைகளிலும் ஆணின் மனமாற்றத்தை வைத்துத்தான் பெண் அளக்கப்படுகிறாள்.

ஒருதார மணம் பெண்ணுக்கு நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சீர்திருத்தத்துக்கான விலையைத் தேவர் கொடுக்கவில்லை, அவர் முன்பே மணந்த பெண்கள் கொடுத்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கடலாயி ஒருத்தி மட்டும் வாய் திறந்தாள்.