மன்னித்தல் மறத்தலாமோ?

மன்னித்தலும் மறத்தலும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிடைப் பலர். “போனது போகட்டும், மறந்து மன்னித்து விடுக” என்று அறிவுரை கூறுவது எளிது. அதனைக் கூறுவோர் யாவர், கேட்போர் யாவர் என்று சிறிது ஆராய்வோமாயின் ஓர் உண்மை புலனாகும். அடித்தவனும், அடி விழுங்கால் அருகே நின்று பார்த்தவனுமே பெரும்பாலும் அதனைக் கூறுகின்றனர். அடிபட்டவனுக்கோ கேட்டுக்கொண்டிருப்பதே வேலையாகின்றது.

கிறிஸ்து சமயம் மன்னிப்பைத் தலையாய அறமாகப் போற்றுவது யாவரும் அறிந்ததே. ஆயின், அச்சமயம் மறதியையும் விதிக்கின்றதா? இவ்வினாவுக்கு விடை காண, நம் பேராக் மாநிலத்து நிகழ்ச்சிகளைக் கூறும் நூலொன்று துணை செய்கின்றது. அஃது சிபில் கார்த்திகேசு அம்மையார் ஆங்கிலத்தில் அருளிய ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்பது. ‘எள்ளளவும் இரக்கமில்லை’ என்பது அப்பெயரின் கருத்து.

அம்மையார் 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்தவர், உறுதியான கத்தோலிக்கர், மருத்துவத் தாதி. அவர் கணவர் டாக்டர் கார்த்திகேசு ஈப்போவில் மருத்துவம் செய்த தமிழர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவிற் புகுந்தபின் அக்குடும்பம் பாப்பான் என்னும் சிற்றூரிற் குடியேறிற்று. அங்கே காட்டுப் போராளிகளுக்கு மறைவாக மருந்திட்டதும், வானொலியில் நேசநாட்டுச் செய்தி கேட்டதும் அம்மையார் செய்த ‘குற்றங்கள்’. 1943இல் கெம்பெய்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரைப் பிடித்தனர். போர் முடியும்வரை சித்திரவதையும் சிறையுமே அவர்தம் வாழ்வாயின. 1947இல் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூனில் ஸ்காட்லாந்தில் உயிர் நீத்தார். நூல் வெளிவந்தது 1954இல்.

நூலின் பெருமை யாது? அழுகையன்று, ஆவேசமுமன்று. நடந்ததை நடந்தவாறு வைக்கும் நேர்மையே அதன் பெருமை. தம்மை வதைத்தவன் பெயர் யோஷிமுரா என்று அம்மையார் குறிக்கின்றார். தாய் வாய் திறவாமை கண்டு, அவர் கண்முன்னே சிறுமகள் டானை மரத்திற் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டிய கொடுமையைச் சொல்கின்றார். அத்துடன் அமையாது, அக்குழந்தையை விடுவிக்கச் செய்தவனும் ஒரு ஜப்பானிய அதிகாரியே என்பதையும் மறையாது சொல்கின்றார். ஈண்டுத்தான் நினைவின் அறம் விளங்குகின்றது. கொடியவன் பெயரை மறந்தவர் அவன் இனம் முழுவதையும் வெறுப்பர். அவன் பெயரை நினைவில் வைத்தவரோ அவனருகே நின்ற நல்லவனையும் காண வல்லவராவர்.

நூலின் பெயர் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்து நீதிமன்றக் காட்சியினின்று எடுத்தது. அக்காட்சியில் இரக்கமற்றவன் என இகழப்படுபவன் ஷைலக் என்னும் யூதன். அவனுக்கு இரக்கத்தை உபதேசிப்போர் கிறிஸ்தவர்கள். முடிவில் அவன் பொருளைப் பறித்து, மதம் மாறவும் கட்டாயப்படுத்துவோரும் அக்கிறிஸ்தவர்களே! அவன்பால் காறி உமிழ்ந்த பழங்கதையை அவர்களுள் எவரும் நினைத்தாரல்லர். வலியவர் மெலியவரிடம் கேட்கும் மன்னிப்பு எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நிற்க. விவிலியம் கூறுவது யாது? எகிப்தில் அதிகாரியாய் உயர்ந்த யோசேப்பு, தன்னை விற்ற சகோதரரைக் கண்டபோது, “நீங்கள் விற்ற தம்பி நானே” என்று முதலிற் குற்றத்தை அறிவித்து, அதன் பின்னரே அவர்களைத் தேற்றினான். தவறு செய்த சகோதரனைக் கடிந்துகொள், அவன் மனந்திரும்பினால் மன்னித்துவிடு என்ற பொருள்படவே லூக்கா நற்செய்தியிலும் ஏசுநாதர் போதிக்கின்றார். வரி தண்டும் சகேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக முன்வந்தான். எல்லாவற்றினும் மேலாக, உயிர்த்தெழுந்த ஏசுவின் உடலில் ஆணித் தழும்புகள் மறையவில்லை. நம் மயிலாப்பூரோடு மரபு இணைத்துப் பேசும் தோமையார் கண்டது அத்தழும்புகளையே. மரணத்தை வென்ற உடலே காயத்தின் அடையாளத்தை மறைக்கவில்லையெனின், மனிதன் மட்டும் ஏன் மறைத்தல் வேண்டும்? ஆகவே, மன்னிப்பாவது பழிவாங்கும் வேட்கையை உள்ளத்தினின்று களைதலே. உண்மையைக் களைதல் அன்று. யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. அது நீதிமன்றத்தின் செயல். மன்னிப்போ துன்புற்றவர் ஒருவரே கொடுக்கத்தக்க கொடை.

பெயரறியாத கோபம் எத்தகைய தீங்கு விளைக்கும் என்பதற்கு நம் தஞ்சோங் மாலிமே சான்று. 1952 மார்ச்சில், உடைந்த நீர்க்குழாயைச் செப்பனிடச் சென்றோரைக் கம்யூனிஸ்டுப் போராளிகள் மறைந்திருந்து தாக்கினர். 12 பேர் மாண்டனர். அது கொடுஞ்செயலே, ஐயமில்லை. ஆயின் ஹைகமிஷனர் டெம்ப்ளர் செய்தது யாது? செய்தவர் இன்னார் என அறியாமையால் ஊர் முழுவதையும் தண்டித்தார். நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு. அரிசிப் பங்கீட்டிலும் குறைப்பு. துப்பாக்கியைத் தொட்டறியாத தாயும், பால்மணம் மாறாத பிள்ளையும் அதற்கு உட்பட்டனர். ஒருவன் குற்றத்தை ஊரார்மீது ஏற்றுவது நினைவன்று; நினைவின் போலி. இதனை அம்மையார் நூலோடு வைத்து நோக்குக. சிறையிற் கிடந்து நொந்த ஒரு பெண்மணி காட்டிய பகுத்தறிவை, செங்கோல் ஏந்திய அரசாங்கம் காட்டவில்லை.

நூலில் நாம் காணும் குறையையும் கூறுதல் கடமை. இது ஒரு குடும்பத்தின் வரலாறு. தோட்டத் தொழிலாளரின் வரலாறு அன்று. நம் இரப்பர்த் தோட்டங்களினின்று சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு, வாந்திபேதியிலும் மலேரியாவிலும் மாண்ட தமிழர் ஆயிரமாயிரவர். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. முடித்த கைகள் பலவற்றுக்குக் கல்லறையும் இல்லை. அதே பாதையில் கைதியாய் உழைத்து, பின்னர்க் கிறிஸ்தவப் போதகரான எர்னஸ்ட் கார்டன் என்னும் ஸ்காட்லாந்தியர், காயமுற்றுக் கிடந்த ஜப்பானியச் சிப்பாய்களுக்குத் தம் தோழர்கள் நீர் கொடுத்துப் புண் கழுவியதை எழுதியுள்ளார். அது போற்றத்தக்க மன்னிப்பே. ஆயின் கார்டன் தாம் பட்ட துன்பத்தை மன்னிக்கலாமேயன்றி, பெயரின்றிப் புதைந்த முனியனுக்காகவும் மாரியாயிக்காகவும் மன்னிக்க அவருக்கேது உரிமை? நமக்குந்தான் ஏது?

மாண்டோர் சார்பில் மன்னிக்கும் உரிமை நமக்கில்லை. அவர் சார்பில் நினைக்கும் கடமை உண்டு. தோட்டந்தோறும் முதியோர் சொல்லிச் சென்ற பெயர்களைக் குடும்பத்தார் எழுதி வைத்தல் வேண்டும். எவர் போயினர், எவர் மீண்டனர், எந்தக் கங்காணி ஆள் காட்டினான், எந்தச் சிப்பாய் ஒரு பிடி சோறு கொடுத்தான் என்பன அனைத்தும் அவ்வேட்டில் இடம் பெறுக. பகை வளர்க்க அன்று. பகை தகாதவர்மேற் பாயாதிருக்கவே. கார்த்திகேசு அம்மையார் நூல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.