வண்ணக் கண்ணாடியும் கொங்கு வெயிலும்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மிட்டாய் சுற்றி வரும் சிவப்புத் தாள் ஒன்றைக் கிழக்குப் பார்த்த சன்னல் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். காலை ஏழு மணிக்கு எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புத் திட்டு விழும். நண்பகலில் அந்தத் திட்டைக் காண முடியாது. வெளியே போய் அதே தாளைப் பார்த்தால் கறுத்த துண்டாகத்தான் தெரியும். தாள் மாறவில்லை, ஒளி வரும் திசைதான் மாறியது.

இரயில் நிலையங்களில் பதிக்கும் வண்ணக் கண்ணாடிகளை மதிப்பிட இந்தச் சோதனையே போதும் என்பது என் கருத்து. சுவரோவியம் தன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியால் தெரிகிறது. வண்ணக் கண்ணாடியோ தன்னை ஊடுருவி வரும் ஒளியால் தெரிகிறது. கோபால்ட் கலந்த கண்ணாடி நீல ஒளியைப் பெரிதும் கடத்திவிட்டு மற்றவற்றை விழுங்கிக்கொள்கிறது. மாங்கனீசு ஊதா நிறம் தரும். மிகச் சிறிதளவு பொன் சேர்த்தால் சிவப்பு. ஆகவே அது படம் என்பதைவிட வடிகட்டி என்பதே பொருந்தும். பின்னால் ஒளி இல்லாவிட்டால் கலைஞரின் உழைப்பு முழுவதும் வீண்.

நம் நாட்டில் இதற்குப் புகழ்பெற்ற சான்று மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம். பிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த இந்தக் கட்டடத்தின் வேலை 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்தது. 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நடுவே எட்டுப் பட்டைக் குவிமாடம். அதன் அடியில் சுற்றிலும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதோ ஒரு சன்னலுக்கு ஒளி கிடைத்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடு! ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் குவிமாடம் நிற்பது இரயில்வே அலுவலகத்தின் பெரிய மாடிப்படிக்கு மேலே. பயணச்சீட்டுக்கு வரிசையில் நிற்பவர் வேறொரு மண்டபத்தில் நிற்கிறார். மிக அழகான ஒளி, பயணிக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குறை தைவானில் இல்லை. காவோசியுங் நகரில் 2008-இல் திறந்த பார்மோசா புலிவார்டு சுரங்க நிலையத்தில், நார்சிசஸ் குவாக்லியாட்டா என்ற கலைஞர் 30 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கூரையை அமைத்தார். ஏறத்தாழ 4,500 கண்ணாடித் துண்டுகள். தண்டவாளத்துக்குப் போகிற எவரும் அதன் கீழே நடந்துதான் போக வேண்டும். ஆனால் நிலத்தடியில் சூரியன் ஏது? எல்லாம் மின்விளக்கு. நன்றாகத்தான் இருக்கிறது, எனினும் காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரே ஒளி என்பது எனக்கு ஏமாற்றமே.

இதையெல்லாம் கோவை வாசகர்களுக்கு ஏன் சொல்கிறேன்? அவிநாசி சாலையிலும் சத்தியமங்கலம் சாலையிலும் மெட்ரோ இரயில் ஓட்டும் திட்ட அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. நிலையம் இன்னும் இல்லை. அதனால்தான் பேச இதுவே நல்ல சமயம். வரைபடம் முடிந்தபின் "இந்தச் சுவர் காலியாக இருக்கிறது, ஒரு கண்ணாடி ஓவியம் வையுங்கள்" என்று கலைஞரைக் கூப்பிடுவதில் பயனில்லை.

கணக்கைப் பாருங்கள். இலண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 15 பாகையில்தான் இருக்கும். நெட்டுக்குத்தான சன்னலில் ஒளி ஏறத்தாழ நேராகவே புகும். ஐரோப்பியத் தேவாலயச் சன்னல்களின் வெற்றியில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கோவை ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் உள்ளது. இங்கே டிசம்பர் நண்பகலிலேயே சூரியன் 55 பாகைக்கு மேல். ஜூனில் 78 பாகையை நெருங்கி, அதுவும் வடக்குப் பக்கமாக நிற்கும். அப்போது வடக்குச் சுவர்க் கண்ணாடியில் விழுவது, சூரியனை நேரே பார்க்கும் கண்ணாடியில் விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதிலும் கணிசமான பகுதி சாய்வாகப் பட்டுத் தெறித்துப் போகும். நிலையத்தின் கூரை வெளியே நீண்டிருந்தால் அதுவும் இல்லை.

ஆகவே நம் ஊரில் பக்கச் சுவர்க் கண்ணாடி காலைக்கும் மாலைக்கும் உரியது. ஏறத்தாழ வடக்கு நோக்கிப் போகும் சத்தி சாலையில் நிலையத்தின் நீண்ட சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கும். அங்கே தாராளமாக வைக்கலாம். அவிநாசி சாலையில் அதே ஓவியத்தை வைத்தால் பாதிதான் பலிக்கும். அங்கே கண்ணாடியின் இடம் கூரை.

இது புதுமையன்று. நம் ஓட்டு வீடுகளில் சமையலறைக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு பதிப்பார்கள். அதன் ஒளி வட்டம் தரையில் நகர்வதைப் பார்த்தே பாட்டிமார் உலை வைக்கும் நேரம் சொல்வார்கள். நடைமேடைக் கூரையில் அப்படிக் குறுகிய வண்ணப் பட்டைகள் இருந்தால், பயணியின் காலடியிலேயே நிறம் நகரும். கூரை முழுவதும் கண்ணாடி கூடாது. வெயிலோடு வெப்பமும் இறங்கி, மே மாதத்தில் நடைமேடை அடுப்பாகிவிடும்.

இனிப் பொறியாளர் பக்கம். அடர்நிறக் கண்ணாடி ஒளியை விழுங்குவதால் தெளிந்த கண்ணாடியைவிட அதிகம் சூடேறும். 30 பாகை செல்சியசு கூடினால் ஒரு மீட்டர்க் கண்ணாடி கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். இரும்புச் சட்டமோ இன்னும் கூடுதலாக நீளும். இடைவெளி விடாமல் இறுக்கினால் விரிசல்தான். பழைய கைவினைஞர்கள் துண்டுகளை மெத்தென்ற ஈயச் சட்டத்தில் கோத்ததில் இந்த நன்மையும் இருந்தது. தலைக்கு மேலே பதிப்பதானால், இரு கண்ணாடிகளுக்கு நடுவே நெகிழிப் படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடியே வேண்டும். உடைந்தாலும் சில்லுகள் படலத்தில் ஒட்டி நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் வரும் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்தக் காற்று தூசியையும் கொண்டுவரும். தூசி படிந்த நீலம் சாம்பல் நிறமாகும். நாளை கோவையில் ஏதேனும் நிலையத்தின் வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், ஓவியத்தைப் பார்க்குமுன் அந்தக் கண்ணாடியைத் துடைக்கப் போகிறவர் எங்கே கால் வைத்து நிற்பார் என்று தேடுங்கள்.