நிறுத்தாவிட்டால்?

முத்தாபுதுப்பேட்டையில் என் சிநேகிதர் மகன் பிளஸ் டூவில் அரசியல் அறிவியல் படிக்கிறான். அவனுடைய நோட்ஸ் புத்தகத்தை ஒரு மாலை புரட்டினேன். அடிப்படை உரிமைகள் ஆறு, அவற்றின் பாதுகாவலன் உச்ச நீதிமன்றம், பாடம் முடிந்தது. தவறு ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை பக்கங்களிலும் ஒரு மனிதனைக் காணோம்.

கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. அரசியல் சட்டத்தின் முதல் பெரிய சோதனைகளில் ஒன்று நம் சென்னை ராஜ்யத்திலிருந்தே போயிற்று. தடுப்புக் காவலிலிருந்த ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1950-இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று. காவலுக்கான காரணத்தை வெளியிடக்கூடாதென்று வாய்ப்பூட்டுப் போட்ட 14-ஆவது பிரிவு மட்டும் ரத்தாயிற்று. உரிமைகளைத் தனித்தனித் துண்டுகளாகப் பார்க்கலாகாது என்பது நீதிபதி பஸல் அலியின் கட்சி. அன்று அது தோற்றது; 1978-இல், மேனகா காந்தி வழக்கில், வென்றது. ‘பாதுகாவலன்’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்த இருபத்தெட்டு வருஷமும் காணாமற்போகிறது.

“கைதானவனை எத்தனை மணிக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும்?” என்று கேட்டேன்.

“24 மணி” என்றான், சட்டென்று.

“நிறுத்தாவிட்டால்?”

“அது பரீட்சையில் வராது, மாமா.”

ஆட்கொணர்வு மனு என்று ஒன்று உண்டு, ஹைகோர்ட்டிலேயே போடலாம் என்றேன். தடுப்புக் காவலில் இருப்பவனுக்கு அந்த 24 மணிக் கணக்குக்கூடக் கிடையாதென்று அதே 22-ஆவது ஷரத்து சொல்வதையும் காட்டினேன். பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஏன்?” என்றான். பாடம் ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.