இரண்டு லேப்டாப், ஒரே மவுஸ்

ஆபீஸ் லேப்டாப்பும் சொந்தக் கணினியும் ஒரே மேஜையில் இருந்து, இரண்டிலும் விண்டோஸ் ஓடுகிறதென்றால், ஒரே கீபோர்டு, மவுஸ், திரையைக் கணினிகளுக்கிடையே மாற்றித் தரும் கேவிஎம் ஸ்விட்ச் விலை கேட்பதற்கு முன் 'மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்' நிறுவிப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றிய ட்ரூங் டோ எழுதி 2011-இல் இலவசமாக வெளிவந்த மென்பொருள் இது. 2023 முதல் மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் தொகுப்போடு சேர்ந்தே கிடைக்கிறது.

கேவிஎம் போல இது திரையை மாற்றித் தராது. ஒவ்வொரு கணினிக்கும் அதனதன் திரை வேண்டும். கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். முதல் கணினி தரும் பாதுகாப்புச் சாவியையும் அதன் பெயரையும் இரண்டாவதில் உள்ளிட்டால் இணைப்பு தயார். பிறகு அமைப்புப் பக்கத்தில் கணினிப் படங்களை இழுத்து, மேஜையில் இருக்கும் வரிசையிலேயே வைக்க வேண்டும். மவுஸை வலது ஓரத்துக்குத் தள்ளினால் அம்புக்குறி பக்கத்துத் திரையில் தலை காட்டும். கீபோர்டும் கூடவே போய்விடும். ஓரத்தில் இருக்கும் 'மூடு' பொத்தானைத் தேடும்போது அம்புக்குறி அடிக்கடி தாவினால், கன்ட்ரோல் விசையை அழுத்தினால் மட்டும் தாவும்படி மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அதுதான் வசதி.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க: அடுத்த கணினிக்குப் போவது விசைதான், எழுத்து அல்ல. அங்கேயும் நீங்கள் பயன்படுத்தும் தமிழ்99 போன்ற விசைப்பலகை அமைப்பு இருக்க வேண்டும். மொழியையும் அங்கேதான் மாற்ற வேண்டும்.

கோப்பு அனுப்பும் வசதி பேருக்குத்தான். ஒரு தடவைக்கு ஒரே கோப்பு, அதுவும் 100 எம்பிக்குள். மொத்தம் நான்கு கணினிகளுக்கு மேல் இணைக்க முடியாது. வீட்டுக்கு அது தாராளம். வைஃபை மந்தமானால் அம்புக்குறியும் திக்கித் திக்கி நகரும். முடிந்தால் கேபிள் போடுங்கள்.

மேக், லினக்ஸ் கலந்திருந்தால் இது உதவாது. திறந்த மூலமான டெஸ்க்ஃப்ளோ அதற்குப் பொருத்தம்; பழைய சினெர்ஜியின் வழி வந்தது. கொஞ்சம் பொறுமை வேண்டும், லினக்ஸில் வேலேண்ட் திரை அமைப்பு என்றால் கூடுதல் பொறுமை. மேக்கும் ஐபேடும் வைத்திருப்பவர்களுக்கு எதையும் நிறுவும் வேலையே இல்லை. 2022-இல் வந்த யுனிவர்சல் கன்ட்ரோல் வசதி அவற்றின் உள்ளேயே இருக்கிறது.

ஒன்று மட்டும். கிளிப்போர்டும் பொதுவாகிவிடுவதால், வீட்டுக் கணினியில் நகலெடுத்த வங்கிக் கடவுச்சொல் ஆபீஸ் லேப்டாப்பிலும் ஒட்டும். அந்தப் பகிர்வை முதலிலேயே அணைத்துவிடுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவும் முன் ஐடி பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.