தலைமையை நிறுக்கும் தராசு

ஆண் அதட்டினால் கண்டிப்பு என்கிறோம். பெண் அதட்டினால் அடங்காமை என்கிறோம். தலைவரின் குணம் உடனுழைப்போரின் ஊக்கத்தை வளர்க்கும், சில வேளை வாட்டவும் செய்யும். அக்குணத்தை எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்பதையோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் நிகழ்ந்த வழக்கொன்று இதற்குத் தக்க சான்று. 1982இல் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் கணக்காய்வு நிறுவனத்தில் பங்குதாரர் நிலைக்கு 88 பேர் முன்மொழியப்பட்டனர். அவர்களுள் ஆன் ஹாப்கின்ஸ் ஒருவரே பெண். இரண்டரைக் கோடி டாலர் பெறுமான அரசு ஒப்பந்தமொன்றை நிறுவனம் பெறுவதற்கு அரும்பாடுபட்டவர். எனினும் அவரது உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. பெண்மையோடு நடக்கவும் பேசவும், ஒப்பனை செய்து நகை அணியவும் அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கொண்டு ஒருவரை எடைபோடுவதும் பாகுபாடே என 1989இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. 1990இல் கீழ் நீதிமன்றம் அவரைப் பங்குதாரராக்க ஆணையிட்டது.

இவ்வழக்கைப் போற்றுவோர் ஒன்றை மறத்தலாகாது. ஹாப்கின்ஸ் பணியாளரிடம் சில வேளை கடுமை காட்டினார் என்று, அவரை ஆதரித்தவர்களும் குறை கூறினர். அது மெய்யெனில், அவருக்குக் கீழ் உழைத்தோருக்கு அது வருத்தமே. திருத்திக்கொள்ளச் சொல்வது முறையே. ஆனால் கடுமைக்கு நகையும் பூச்சும் மருந்தாகுமோ?

ஆய்வுலகின் அளவுகோலும் நம் கவனத்திற்குரியது. கலகலப்பாகப் பழகும் இயல்பு, ஒருவரைத் தலைவராகத் தோன்றச் செய்யும் அளவிற்குத் திறமுடைய தலைவராக்குவதில்லை என்று 2002இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. 2014இல் 95 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய மற்றொன்று, தலைமைத் திறன் பற்றிய மதிப்பீட்டில் ஆண், பெண் வேறுபாடு மொத்தத்தில் இல்லை எனக் கண்டது. தம்மைத் தாமே மதிப்பிட்டபோது ஆண்கள் உயர்ந்தனர். பிறர் மதிப்பிட்டபோது பெண்கள் உயர்ந்தனர். நிறுப்பவர் மாறினால் எடையும் மாறுகிறது! ஆயினும் இவையும் பெரும்பாலும் மனிதர் சொன்ன மதிப்பீடுகளே. முடிந்த வேலையின் அளவல்ல.

ஆகவே, ஒரு தலைவரின் குணத்தை அவர் ஆணா பெண்ணா என்பதோடு பொருத்திப் பார்ப்பதை விடுவோம். அவர்கீழ் வேலை செவ்வனே நடக்கிறதா? எளிய பணியாளரும் அஞ்சாமல் வாய்திறக்க முடிகிறதா? இவ்விரண்டையும் கேட்போம். கடுமை யாரிடம் இருந்தாலும் கடுமையே. உறுதி யாரிடம் இருந்தாலும் உறுதியே.