டெட்ராய்ட் வழியும் அதன் தரமும்

அமெரிக்கக் கறுப்பினத்தார் இசையில் மெம்பிஸ், பிலடெல்பியா, டெட்ராய்ட் எனப் பல வழிகள் உண்டு; அவற்றுள் டெட்ராய்ட் வழியைப் பற்றியே இக்கட்டுரை மிகுதியும் பேசுகிறது. கறுப்பினத்தாருக்கென ஒதுக்கிய விற்பனைப் பட்டியலில் இடம்பெற்ற பாட்டு, வெள்ளையர் மிகுதியாக வாங்கும் பொதுப் பட்டியலிலும் ஏறுவதே 'கிராஸ்ஓவர்' எனப்படுவது. 'பில்போர்டு' இதழ் 1949-இல் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்னும் தலைப்பை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியபோது பெயர் மாறியதேயன்றி இரு பட்டியல்களுக்கும் இடையிலிருந்த வேலி அகலவில்லை. 1956-இல் கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி' பொதுப் பட்டியலில் 17-ஆம் இடத்தோடு நின்றுவிட, அதையே வெள்ளையரான பாட் பூன் பாடிய தட்டு 12-ஆம் இடம் வரை ஏறியது.

மெம்பிஸின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் இரு இனத்தாரும் ஒரே குழுவில் வாசித்ததன் பெருமை மறுக்கத்தக்கதன்று. எனினும் பெர்ரி கார்டி 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று டெட்ராய்ட்டில் தொடங்கிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம், வேலி தாண்டுவதையே ஒரு பயிற்சியாக்கியது: மாக்சின் பவல் நடையும் அமர்வும் கற்பித்தார், சோலி அட்கின்ஸ் மேடையசைவுகளை அமைத்தார், தரத் தேர்வுக் கூட்டத்தில் தேறாத பாட்டு வெளிவருவது அரிதாயிற்று. மோட்டவுனின் சுப்ரீம்ஸ் குழு 1964 முதல் 1969 வரை 12 பாட்டுகளைப் பொதுப் பட்டியலின் முதலிடத்தில் ஏற்றியது இவ்வொழுங்கின் பயனே. 1966-இல் மோட்டவுன் வெளியிட்ட இஸ்லி பிரதர்ஸ் இசைத்தட்டின் உறையில், பாடிய கறுப்பினத்தாருக்கு மாறாக வெள்ளைக் காதலர் இருவர் கடற்கரையில் தோன்றினர்; அதைக் காலத்தின் நெருக்கடி என்றே கொள்ளலாம்.

இவ்வழியின் உயிர், மோட்டவுன் தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரில் இருந்தது. வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டி, தாளத்தையும் விடாது, பாடகரின் மெட்டுக்கு விடை சொல்லும் மற்றொரு மெட்டையும் அவர் அடியில் ஓடவிட்டார். இன்றைய கலைஞர் எவரையும் குறைகூறுவது நோக்கமன்று. ஆயினும் ஒரு சுற்று வாசிப்பைப் பதிந்து அதையே பாட்டு முழுவதும் ஒட்டிச் செல்வதும், சுருதி பிசகினால் கருவி திருத்திக்கொள்ளும் என்று குரலைப் பயிலாது விடுவதும் சிலரிடம் வழக்கமாகிவிட்டன. இதனால் பாட்டு கெட்டது. கேட்போர் செவி கெட்டது. மேடையில் நிற்கும் முறையும், உடையும், அவைக்குத் தலைவணங்கும் பண்பும்கூடக் கெட்டன. வேலி தாண்டுதற்கு இருந்த அருமையும் போயிற்று. ஜேமர்சனின் பெயர் மோட்டவுன் உறையில் அச்சேற 1971-இன் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது உண்மையே. இன்றோ ஒரே பாட்டுக்குப் பெயர்கள் வரிசையாக அச்சாகின்றன. அவற்றுள் பேஸ் வாசித்தவர் யார் என்று தேடினால், பல வேளைகளில் அப்படி ஒருவரே இல்லை.